பாசறைக்குப் பருப்புப்பொடி: பட்டாளத்துக் கணவருக்குப் பிறந்தநாள் பரிசு தேர்தல் குறித்த ஓர் ஆய்வு

பாயிரம்

போர்மேல் போன தலைவனையும் வீட்டில் இருக்கும் தலைவியையும் பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகள் பாடுகின்றன. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடி. நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடி. ஆக 291 அடிகள். இவற்றில் பாசறைக் கூடாரம் வருகிறது, யவனக் காவலர் வருகிறார்கள், புண்பட்ட வீரர்களை நள்ளிரவில் பார்க்கப் போகும் வேந்தன் வருகிறான். தலைவியின் கட்டில் செய்யத் தந்தம் கொடுத்த யானைக்கு வயது நாற்பது என்பது வரைக்கும் விவரம் இருக்கிறது. தலைவி பாசறைக்கு ஒரு பொட்டலம் முறுக்காவது கட்டி அனுப்பினாளா என்ற செய்தி மட்டும் எங்கும் இல்லை. பத்துப்பாட்டு முழுவதற்கும் உரை எழுதிய நச்சினார்க்கினியரும் இது பற்றி மூச்சு விடவில்லை. தமிழாய்வில் இத்தனை காலமாகத் திறந்து கிடக்கும் இந்த ஓட்டையை அடைக்கும் பொறுப்பு, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்ற முறையில், என் தலையில் விழுந்திருக்கிறது. யாரும் சுமத்தவில்லை. பக்கத்து வீட்டில் குடியிருந்ததால் விழுந்தது.

ஆய்வு நெறி பற்றி ஒரு சொல். அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. எந்த இடத்தில் எந்த யூனிட் இருக்கிறது என்று சொல்லக்கூடாது என்பது ராணுவ விதி. இலக்கணமும் பாதுகாப்பும் இப்படி ஒரே குரலில் பேசுவது அபூர்வம். ஆகவே இக்கட்டுரையில் தலைவன், தலைவி, தலைவனின் தாய் என்பவர்களே உலவுவார்கள். தலைவனின் தாயைச் செவிலி என்று குறிக்கலாமா என்று யோசித்தேன். அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்து விட்டுவிட்டேன்.

ஆய்வுக்களம்

வேலூர் மாவட்டம், கணியம்பாடி வட்டாரம். வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இந்தப் பக்கம்தான். இங்கே ஒரு பையன் காலையில் ஓடினால் அவனுக்குச் சர்க்கரை வியாதியா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆள் எடுப்பு எப்போது என்றுதான் கேட்பார்கள். நம் தலைவனும் அப்படி ஓடிப் போனவர். மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தார். 1758-இல் தொடங்கி, இன்று நீலகிரி வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தப் படைப்பிரிவில் தென்மாநிலத்தார் எல்லாரும் உண்டு. ராணுவம் முழுக்க இவர்களுக்குத் தம்பிகள் என்று பெயர். ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவரும் அங்கே தம்பிதான்.

தலைவி என்னிடம் வந்து கேட்டது இவ்வளவே: “ஐயா, அவருக்குப் பொறந்த நாள் வருது. இன்னா அனுப்புறதுன்னே தெரியல. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.” படித்தவனிடம் கேட்டால் பதில் கிடைக்காது, ஆய்வுதான் கிடைக்கும் என்பது அந்தப் பெண்ணுக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

எந்தப் பிறந்தநாள்?

பரிசுக்கு முன் நாள் குறிக்க வேண்டும். இங்கேயே முதல் இடறல். தலைவனுக்குப் பிறந்தநாள் மூன்று.

ஒன்று, சான்றிதழ்ப் பிறந்தநாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் பையனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போட்ட தேதி. ஜூன் முதல் வாரத்தில் வரும். எங்கள் தலைமுறைத் தலைமையாசிரியர்களின் கைங்கரியத்தால் தமிழ்நாட்டின் கிராமங்களில் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் ஏராளம். அக்காலத்தில் குழந்தைகள் பள்ளி திறக்கும் நேரம் பார்த்தே பிறந்தார்கள் போலும். சிப்பாய் தேர்வுக்குப் பதினேழரை வயதிலிருந்து இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டும் என்ற அன்றைய விதியை அந்தத் தேதிதான் தாண்ட வைத்தது. வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசில் இருப்பதும் அதுதான். அரசாங்கத்தைப் பொறுத்தவரை தலைவன் அன்றுதான் பிறந்தார்.

இரண்டு, நட்சத்திரப் பிறந்தநாள். ஆவணி ரோகிணி. கண்ணன் பிறந்த அதே மாதம், அதே நட்சத்திரம் என்பதில் தலைவனின் தாய்க்கு ஒரு பெருமை. அன்று பெருமாள் கோயிலில் அர்ச்சனை நடக்கும். தலைவன் இல்லாமலே நடக்கும். பிரசாதப் பொங்கலை நான் உட்படப் பலரும் சாப்பிடுவோம். ஆண்டுக்கு ஆண்டு ஆங்கிலத் தேதி மாறும் என்பதால் அஞ்சல் திட்டமிடலுக்கு இது உதவாது.

மூன்று, உண்மைப் பிறந்தநாள். “நாலாவது வீட்டுக் கெழவி செத்த பதினாறாம் நாள் காரியத்துக்குச் சோறாக்கிட்டு இருந்தப்ப வலி எடுத்துச்சி” என்ற தாயின் வாக்குமூலத்தையும், அந்தக் கிழவியின் குடும்பத்தார் சுவரில் மாட்டியிருக்கும் படத்தின் கீழே உள்ள தேதியையும் கொண்டு தலைவி தானே கணக்கிட்டது. ஆகஸ்ட் இறுதி. கல்வெட்டுத் துறையில் இருக்க வேண்டிய பெண்.

தலைவி மூன்றாவதையே ஏற்றாள். காரணம் கேட்டேன். “முதல் ரெண்டையும் வேற யாரோ வச்சிக்கிட்டாங்க ஐயா” என்றாள். மறுத்துச் சொல்ல என்னிடம் நூற்பா ஏதும் இல்லை.

அந்த நாளுக்குத் தலைவனே லீவில் வந்துவிட்டால் என்ன என்று கேட்பார் உளர். வேந்தன் பொருட்டுப் பிரிந்தவன் ஓர் ஆண்டுக்குள் திரும்ப வேண்டும் என்று தொல்காப்பியக் கற்பியல் சொல்கிறது. ராணுவம் அந்த விதியை இம்மி பிசகாமல் காப்பாற்றுகிறது. ஆண்டு லீவு அறுபது நாள், காஷுவல் லீவு முப்பது நாள் தருகிறது. ஆனால் அந்தத் தொண்ணூறில் பொங்கலுக்கு ஒரு பங்கு, ஆடித் திருவிழாவுக்கு ஒரு பங்கு, மச்சினன் கல்யாணம், மகள் காதுகுத்து, ஒட்டு வீட்டுக்குக் கான்கிரீட் போடுவது என்று எல்லாவற்றுக்கும் பங்கு போய்விடுகிறது. தன் பிறந்தநாளுக்கென்று லீவு கேட்டால் கம்பெனியே சிரிக்கும் என்கிறார் தலைவன். ஆக, பிறந்தநாளன்று பட்டாளத்துக்காரர் பட்டாளத்தில்தான் இருப்பார் என்பது பெறப்பட்டது.

இடமில்லா முகவரி

அடுத்தது, எங்கே அனுப்புவது. உலகத்து முகவரிகளில் எல்லாம் ஊர் இருக்கும். தலைவனின் முகவரியில் எண் இருக்கிறது, ரேங்க் இருக்கிறது, பெயர், கம்பெனி, யூனிட் எல்லாம் இருக்கின்றன. கடைசியில் ‘கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.’ என்று முடிகிறது. ஊர் இல்லை. மாவட்டம் இல்லை. மாநிலம் இல்லை. 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தபோது நாட்டை எட்டு மண்டலமாகப் பிரித்து, ஒன்பது என்ற முதல் எண்ணை ராணுவ அஞ்சலுக்கு ஒதுக்கினார்கள். ராணுவ அஞ்சல் பிரிவு தனிப் படைப்பிரிவாக ஆனதும் அதே ஆண்டு மார்ச்சில்தான். ஆகவே ஒன்பதில் தொடங்கும் பின்கோடு நில வரைபடத்தில் எந்த இடத்தையும் காட்டாது. 56 என்றால் டெல்லி வழி, 99 என்றால் கொல்கத்தா வழி. அவ்வளவுதான் நமக்குத் தெரியலாம்.

இதன் விளைவு பரிசியலில் மிகப் பெரிது. இதே 56-இல் ராஜஸ்தான் மணலும் உண்டு, லடாக் பனியும் உண்டு. ஸ்வெட்டர் பின்னி அனுப்பினால் அது உயிர் காக்கும் ஆடையாகவும் அமையலாம், மூட்டைக்கு அடியில் விரிக்கும் துணியாகவும் அமையலாம். தலைவி தொலைபேசியில் சாதுரியமாக விசாரித்தாள்.

“அங்க குளிரா, வெயிலா?”

“இருக்குது.”

“எது இருக்குது?”

“எல்லாம் இருக்குது. பாப்பா என்ன பண்றா?”

பாசறைக் காவல் இப்படிக் கட்டாக இருக்கும்போது ஒற்றர் என்ன செய்ய முடியும்?

இணையக் கடையில் வாங்கி நேரே அனுப்பிவிடலாம் என்று ஒரு கட்சி. அதையும் முயன்றோம். செயலி முகவரியை எல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் ‘அருகிலுள்ள அடையாளம்’ என்று ஒரு கட்டத்தைக் காட்டியது. தலைவி கொஞ்ச நேரம் யோசித்தாள். “எதுக்குப் பக்கத்துலன்னு போடுறது ஐயா? பாகிஸ்தானுக்கா, சைனாவுக்கா?” செயலியை மூடிவிட்டோம்.

பிறந்தநாள் வாழ்த்தைப் படத்தோடு முகநூலில் போட்டு அவரையும் அதில் இணைத்துவிடுவது இன்னொரு வழி. 2020 ஜூலையில் முகநூல், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட 89 செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கச் சொல்லி ராணுவம் தன் ஆட்களுக்கு உத்தரவிட்டது. ஊரே விருப்பக்குறி போட்டு, சம்பந்தப்பட்டவர் மட்டும் பார்க்காத வாழ்த்தால் என்ன பயன்?

விலக்கியல்

ஆண்களுக்கான பரிசுகள் என்று கடைக்காரர்கள் வைத்திருக்கும் பட்டியல் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. சட்டை, பெல்ட், பர்ஸ், வாட்ச், சென்ட். இவற்றை ராணுவக் கணவருக்குப் பொருத்திப் பார்க்கும்போது ‘இஷ்யூ’, அதாவது அரசே கொடுத்துவிடுவது, என்ற தடை குறுக்கே வருகிறது. சட்டை இஷ்யூ. பெல்ட் இஷ்யூ. பூட்ஸ், சாக்ஸ், கம்பளி, கொசுவலை, தட்டு, மக் எல்லாம் இஷ்யூ. ஒரு மனிதனுக்கு எது இல்லையோ அதைக் கொடுப்பதுதான் பரிசு என்றால், இந்திய அரசு மனைவிமாருக்கு இடமே வைக்காமல் முந்திக்கொண்டது.

மிஞ்சிய சிலவற்றைச் சுருக்கமாக விலக்கலாம். சென்ட் எரியும் திரவம். அஞ்சலில் எடுக்க மாட்டார்கள். பவர் பேங்கில் லித்தியம். விமானம் ஏறத் தகராறு. கண்ணாடிச் சட்டம் போட்ட குடும்பப் படம் போய்ச் சேரும். கண்ணாடி வேறாக, குடும்பம் வேறாக. வெள்ளிக் காப்பு வாங்கலாம் என்றாள் தலைவி. சீருடையில் காப்பு மாட்ட ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது ஒருபுறம் இருக்க, தலைவன் ஒரு முறை சியாச்சின் போய் வந்தவர். 1984 ஏப்ரல் 13-இல் ஆபரேஷன் மேகதூத் தொடங்கிய நாள் முதல் நம் ஆட்கள் பதினெட்டாயிரம் அடிக்கும் மேலே காவல் இருக்கும் இடம் அது. குளிர் மைனஸ் ஐம்பது வரை இறங்கும். அங்கே வெறுங்கையால் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். ஆரஞ்சுப் பழம் கிரிக்கெட் பந்து மாதிரி இறுகிவிடும். சுத்தியலால்தான் உடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் புகாரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, டப்பாப் பாலையும் உலர்பழத்தையும் பார்த்துப் பார்த்து நாக்கு செத்துப்போகும் என்று தலைவன் லீவில் வந்தபோது திண்ணையில் சொல்லியிருக்கிறார். உலோகம் வேண்டாம், நாக்குக்கு ஏதாவது வேண்டும் என்ற திசைகாட்டி இங்கேதான் கிடைத்தது.

இனித் தலைவனையே நேரில் கேட்டுவிடலாமே எனின், கேட்டாயிற்று. “ஒண்ணும் வேணாம்” என்றார். என்றது, கொடுப்பவளுக்குச் செலவு வைக்க மனமில்லாமை. அன்றியும், எது கேட்டாலும் பத்துப் பேருக்குப் பங்கு வைக்க வேண்டும் என்ற அனுபவம். அன்றியும், பின்னால் சார்ஜண்ட் மாதிரி ஒருத்தர் நின்று போனுக்குக் காத்திருக்கிறார். அனுப்பாமல் விட்டால் அடுத்த லீவு முழுதும் பேச்சில் உப்புக் குறையும் என்பது எஞ்சியது.

இதற்கிடையில் ஒரு கிளைச் செய்தி. பரிசு என்பது ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போவது என்ற என் கருதுகோளையே ஊரார் ஏற்கவில்லை. 1948-இல் ராணுவக் கேன்டீன் துறை வந்ததிலிருந்து பரிசு எதிர்த்திசையில்தான் பாய்ந்துகொண்டிருக்கிறது. கேன்டீன் சூட்கேஸ், கேன்டீன் சோப்பு, கேன்டீன் மிக்சி, பிறகு பெரியவர்கள் கண்ணாடி டம்ளரோடு கூடும் அந்த இருண்ட நிற பாட்டில். தலைவன் எப்போது பிறந்தார் என்று டீக்கடையில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எப்போது லீவில் வருகிறார் என்று கேட்டேன். தேதி, ரயில், பெட்டி எண் வரைக்கும் சொன்னார்கள்.

பொடியியல்

தின்பண்டம் என்று முடிவானதும் முறுக்கா, அதிரசமா, ஆற்காடு மக்கன் பேடாவா என்ற விவாதம் எழுந்தது. மக்கன் பேடா பாகில் ஊறியது, ஒழுகும். அதிரசத்தில் எண்ணெய் இருக்கிறது. அட்டைப்பெட்டி வழியாக முகவரியைத் தின்றுவிடும். முறுக்குக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அனுப்பும் முறுக்கு 60 எனக் கொள்க. வழியில் மூன்றில் ஒன்று நொறுங்கும் எனக் கொள்க. முழுசாகச் சேர்வது 40. இனி, பாரக்கில் பிரிக்கப்பட்ட பார்சல் பாரக்குக்குச் சொந்தம் என்பது எழுதப்படாத ராணுவச் சட்டம். ஒரு செக்‌ஷனில் பத்துப் பேர். ஆளுக்கு நான்கு என்பது சமநீதி. ஆனால் பொட்டலத்துக்குச் சொந்தக்காரர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும் என்பது மரியாதை. அதற்குள் பக்கத்து செக்‌ஷனுக்கு வாசனை எட்டியிருக்கும். இந்த மாறிகளை எல்லாம் சேர்த்துச் சுருக்கினால் பிறந்தநாள் கொண்டாடுபவருக்குக் கிடைப்பது, முழு முறுக்கு ஒன்று; அடியில் இருபது முறுக்கின் தூள். அந்தத் தூளைத்தான் அவர் உள்ளங்கையில் கொட்டிச் சாப்பிடுவார்.

இந்தக் கணக்கைத் தலைவனின் தாயிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் முறத்தில் துவரம்பருப்பைப் புடைத்தபடியே கேட்டார்: “கடைசீல தூளத்தான் திங்கப்போறான்னா, அத இங்கயே இடிச்சி அனுப்பிட்டா இன்னா?”

ஆய்வுலகில் திருப்புமுனை என்று சொல்லப்படுபவை இப்படி முறத்துக்கு அருகிலும் நிகழ்கின்றன. ஏற்கெனவே பொடியானதை எந்த அஞ்சலும் பொடியாக்க முடியாது. பருப்புப்பொடியில் ஈரம் இல்லை, ஒழுகாது. உறையாது. மணலிலும் பனியிலும் அது பருப்புப்பொடியாகவே இருக்கும். லங்கர் என்னும் பட்டாளச் சமையற்கூடத்தில் எந்தக் குழம்பு வந்தாலும் சோற்றில் போட்டுப் பிசையலாம். கைநிறைய அள்ளித் தின்ன முடியாது என்பதால் பங்கு கேட்பவர் ஆளுக்கு ஒரு கரண்டியோடு நின்றுவிடுவார்.

இதற்கு அரண்மனைச் சான்றும் உண்டு. 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது இங்கிலாந்து மன்னரின் மகள் மேரி, வயது பதினேழு, போர்முனையில் இருப்பவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு அனுப்ப நிதி திரட்டினார். ஒரு சிறு பித்தளைப் பெட்டி. கிறிஸ்துமஸ் அன்றே நான்கு லட்சத்துக்கும் மேல் கொடுத்து முடித்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு உள்ளே புகையிலை, சிகரெட், பைப். இந்தியச் சிப்பாய்க்கு என்ன வைப்பது என்று யோசித்து, கடைசியில் கற்கண்டும், ஒரு சிறிய தகர டப்பாவில் மசாலாவும் வைத்தார்கள். பெரும்பாலான இந்தியருக்கு ஒரு பொட்டலம் சிகரெட்டும் உண்டு. சீக்கியருக்கு அது இல்லை. கூர்க்காக்களுக்கு மட்டும் வெள்ளைக்காரர் பெட்டியே. இந்தியத் துணைக்கண்டத்து ஆளுக்கு மசாலாதான் பரிசு என்று பக்கிங்ஹாம் அரண்மனை ஒரு கமிட்டி வைத்துக் கண்ட முடிவை, தலைவனின் தாய் பருப்பு புடைத்து முடிப்பதற்குள் கண்டுவிட்டார்.

போட்டி இல்லாமல் இல்லை. மதராஸ் ரெஜிமெண்டில் தென்னகம் முழுவதும் இருப்பதால் ஒவ்வொரு கட்டிலடியிலும் ஒரு பொடி உண்டு. ஆந்திரத்தார் கந்திப்பொடி வைத்திருக்கிறார்கள். பூண்டும் காரமும் தூக்கல். மலையாளிகளிடம் தேங்காயை வறுத்து இடித்த சம்மந்திப்பொடி. வாசனைக்கு அதை மிஞ்ச முடியாது, ஆனால் தேங்காய் நாள்பட்டால் சிக்கு வாடை வரும். கன்னடத்தார் சட்னிப்புடியில் வெல்லம் சேர்க்கிறார்கள். இதைக் குற்றமாகச் சொல்ல ஆய்வாளனுக்கு உரிமை கிடையாது, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். நம் பக்கத்துப் பொடி துவரை, பொட்டுக்கடலை, மிளகாய், கொஞ்சம் மிளகு, சீரகம், வறுத்த பெருங்காயம். நடுநிலையான பொடி.

அஞ்சலகத்தில் ஒரு காட்சியை இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். அட்டைப்பெட்டியை மேஜைமேல் வைத்ததும் எழுத்தர் முகவரியைப் பார்த்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உள்ள என்னம்மா?”

“பொடி சார்.”

“மிலிட்டரிக்கா? என்ன பொடி?”

வரிசையில் பின்னால் நின்றவர் ஓரடி பின்வாங்கினார். தலைவி ஒட்டிய டேப்பைப் பிரித்து, டப்பா மூடியை லேசாகத் திறந்து காட்டினாள். எழுத்தர் குனியக்கூட இல்லை. பெருங்காயம் தானாகவே மேஜையைத் தாண்டிப் போய்த் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. “உளுந்து சேக்கலையா?” என்று கேட்டபடி எடை போட்டார். அடையாள அட்டைகள் பலவகை உண்டு. பெருங்காயத்தைப் போலியாகத் தயாரிப்பது கஷ்டம்.

டப்பா

பொடி முடிவானால் ஆய்வு முடிந்தது என்று நினைத்திருந்தேன். தலைவி, பொடியை எதில் போட்டு அனுப்புவது என்ற கேள்வியைக் கொண்டுவந்தாள். இங்கேதான் பொருள் கனக்கத் தொடங்கியது.

பிளாஸ்டிக் உறை என்றேன். மாமியாரும் மருமகளும் என்னை ஒருமனதாகப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் ஒருமனதாகச் செய்ததாக நான் அறிந்த ஒரே செயல் அது. எவர்சில்வர் சம்புடம் வேண்டும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பெயர் வெட்டியிருக்க வேண்டும். தலைவியின் கல்யாணத்துக்கு அவள் தாய்மாமன் வைத்த வரிசையில் வந்த சம்புடம் பரணிலிருந்து இறங்கியது. வயிற்றிலும் மூடியிலும் புள்ளிப் புள்ளியாக அவள் பெயரும், மாமன் பெயரும், கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தது. ராணுவப் பாதுகாப்பு நோக்கில் இது தகுமா என்று எழுப்பினேன். பாத்திரக்கடையில் மின்னூசி வைத்துப் பெயர் வெட்டுபவரின் கையெழுத்தை எதிரி நாட்டு உளவுத்துறை படித்துவிட முடியும் என்று எனக்கே தோன்றாததால் நானே வாபஸ் வாங்கினேன்.

டப்பாவுக்கு ஏன் இத்தனை மரியாதை? மேரி இளவரசியின் பெட்டியைப் பாருங்கள். புகையிலை புகைந்துபோனது, கற்கண்டு கரைந்துபோனது. பெட்டியைச் சிப்பாய்கள் வைத்துக்கொண்டார்கள். பொத்தானும் கடிதமும் போட்டு வைத்தார்கள். இன்றும் அருங்காட்சியகங்களில் இருப்பது பெட்டிதான். அதே போர்க்காலத்தில் மாலினோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் பசிபிக் கடலில் டிரோபிரியாண்ட் தீவுகளில் உட்கார்ந்து, சிப்பிக் கழுத்தணி ஒரு சுற்றிலும் சங்குக் கைவளை எதிர்ச் சுற்றிலும் தீவு தீவாகக் கைமாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்தார். 1922-இல் புத்தகமாக எழுதினார். குலா என்று அதற்குப் பெயர். வாங்கியவர் வைத்துக்கொள்ளக்கூடாது, அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். 1925-இல் பிரான்சின் மார்செல் மோஸ் இதையெல்லாம் அலசி, வாங்கிய பரிசு திருப்பிக் கொடுக்கக் கட்டாயப்படுத்துகிறது என்று நிறுவினார். இதைச் சொல்ல அவருக்கு ஒரு நூல் தேவைப்பட்டது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று நம் வீடுகளில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும்.

எனவே பட்டாளத்துக்குப் பரிசு தேர்பவர் உள்ளே வைப்பதை அல்ல, டப்பாவைத்தான் முதலில் தேர வேண்டும் என்பது இவ்வாய்வின் துணிபு. பொடி ஒரு வாரம். டப்பா தலைவனின் கருப்புப் பெட்டிக்குள், எண்ணும் பெயரும் வெள்ளை பெயிண்டில் எழுதிய அந்த டிரங்குக்குள், மடித்த சீருடைக்கும் பாப்பா வரைந்து அனுப்பிய படத்துக்கும் நடுவே ஓர் இடம் பிடித்து உட்காரும். இஷ்யூ பட்டியலில் இல்லாத ஒரே பாத்திரம். அதைத் திருப்பிக் கொண்டுவரும்போது வெறுமனே கொண்டுவர முடியாது.

சம்புடம் கடைசியில் இரண்டாம் முறை கட்டப்பட்டு, அஞ்சல் வழியாகப் போகாமல், ஆள் வழியாகப் போனது. லீவு முடிந்து திரும்பிய பக்கத்து ஊர் நாயக் ஒருவர் காட்பாடியில் ரயில் ஏறினார். அவர் கையில் கொடுத்தோம். அஞ்சலகத்தில் எடை போட்ட பிறகு ஏன் அந்த மாற்றம் என்றால், உளுந்து சேர்க்காதது தலைவியை உறுத்திவிட்டது. வீட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி இடித்தார்கள். தேதி நெருங்கிவிட்டது. நாயக்கின் கைப்பையில் ஏற்கெனவே வேறு நான்கு வீட்டு டப்பாக்கள் இருந்தன. குலா வட்டம் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஓடுவதை மாலினோவ்ஸ்கி பார்த்திருந்தால் கப்பல் செலவு மிச்சம்.

ஆகஸ்ட் இறுதியில் தொலைபேசி வந்தது. “வந்துச்சி” என்றார் தலைவன். பொடி எப்படி என்று கேட்டதற்கு “காலி” என்றார். இவ்விரண்டு சொற்களையும் தலைவி என்னிடம் வந்து சொன்னபோது, வாகைத்திணையில் வைத்துப் பாடத் தகுந்தவையாக அவள் குரலில் ஒலித்தன.

பொங்கலுக்குத் தலைவன் லீவில் வந்தார். டிரங்குப் பெட்டி திறந்தது. சம்புடம் நிறைய அக்ரூட்டும் லடாக்கின் உலர்ந்த குபானிப் பழமும். இடம் எது என்பது இப்போது பழத்தின் வழியாகக் கசிந்துவிட்டது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மோஸ் சொன்னதும் கிண்ணம் சொன்னதும் மெய்யாயிற்று என்று கட்டுரைக்கு முற்றுப்புள்ளி வைக்கப் போனேன்.

தலைவனின் தாய் மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு, “இது நம்ப மூடி இல்ல” என்றார்.

மூடியில் புள்ளி எழுத்து இருந்தது. ஆனால் வட்டம் வட்டமாக, தெலுங்கில். பாரக்கில் கழுவிக் கவிழ்க்கும்போது மாறியிருக்கிறது. குண்டூர் பக்கத்து ஆள் ஒருவருடையது என்றார் தலைவன். எங்கள் தெருவில் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் நிறைய; படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தார். ஒரு பெண்ணின் பெயர், ஒரு கல்யாணத் தேதி. அகப்பொருள் விதிப்படி பெயரை இங்கே எழுதவில்லை.

தலைவி மூடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். “நம்ம மூடி அவங்க வீட்டுல இருக்கும்ல? அந்தப் பொண்ணும் இன்னேரம் யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லும்.”

“அனுப்பிட்டா அனுப்பிடுவாங்க. இவன் திரும்பறப்ப குடுத்து விடு” என்றார் மாமியார்.

“குடுக்கலாம் அத்தை. வெறும் மூடியாவா குடுத்து அனுப்புறது?”

“மூடியில எதப் போட்டுடி அனுப்புவ?”

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.